கில் ஸ்காட்-ஹெரனின் 'பீசஸ் ஆஃப் எ மேன்' எல்.பி.: இரண்டாவது பக்கத்துக்காக வாங்குங்கள்

இந்த இசைத்தட்டை வாங்கினீர்கள் என்றால் ஊசியை முதலில் இரண்டாவது பக்கத்தில் வையுங்கள். முதல் பக்கத்தின் முதல் பாட்டு எப்படியும் உங்களுக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும், பாட்டு தெரியாவிட்டாலும் 'தி ரெவல்யூஷன் வில் நாட் பி டெலிவைஸ்ட்' என்ற அதன் தலைப்பாவது. புரட்சி டிவியில் வராது என்கிற அந்த வரி டீ-ஷர்ட்டில் இருக்கிறது, சுவரில் இருக்கிறது, எங்கே கூட்டம் கூடினாலும் யாராவது ஒருவர் தூக்கிப் பிடித்த அட்டையில் இருக்கிறது. அதை எழுதிப் பாடிய அமெரிக்கக் கறுப்பர், கவிஞர் கில் ஸ்காட்-ஹெரன் என்ற பெயரையே கேள்விப்படாதவர்கூட அதைச் சொல்கிறார். சொல்லட்டும், நல்ல வரிதான். ஆனால் அந்த ஒரு வரியோடு மனிதரை முடித்துவிடுகிறார்கள். 'ராப் இசையின் தந்தை' என்று ஒரு பட்டமும் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். 'பீசஸ் ஆஃப் எ மேன்' முழுசாகக் கேட்டவர்களுக்கு அப்படிச் செய்ய மனசு வராது.

முதலில் தட்டைப் பற்றி. 1971 ஏப்ரல் 19, 20 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோவில் பதிவு செய்திருக்கிறார்கள். 11 பாட்டு, கிட்டத்தட்ட 48 நிமிடம். பாடியவருக்கு அப்போதுதான் 22 வயது ஆகியிருந்தது. அதற்குள் கல்லூரிப் படிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துவிட்டு ஒரு நாவல் எழுதி அச்சிலும் பார்த்துவிட்டார், 1970ல் 'ஸ்மால் டாக் அட் 125த் அண்ட் லெனாக்ஸ்' என்று ஒரு தட்டும் வந்துவிட்டது. அந்த முதல் தட்டு பெரும்பாலும் கவிதை வாசிப்பு, பின்னால் தோல் வாத்தியங்கள். டிவி பாட்டின் முதல் வடிவம் அதில்தான் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு இதற்கு வந்தால் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும், ஏனென்றால் இதில் அவர் பாடுகிறார். அந்தத் தடித்த குரல் பாடக்கூடியது என்பதே முதல் தட்டைக் கேட்ட பலருக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம் வாத்தியக்காரர்கள். பேஸ் வாத்தியம் வாசித்தவர் ரான் கார்ட்டர், அறுபதுகளில் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தவர், ஜாஸ் உலகத்தில் இவரைவிட அதிகப் பதிவுகளில் வாசித்த பேஸ் கலைஞர் இல்லை என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறார். டிரம்ஸ் பெர்னார்ட் பர்டி, பாடகி அரீத்தா ஃபிராங்ளினுக்கு வாசித்தவர். புல்லாங்குழலும் சாக்ஸஃபோனும் ஹியூபர்ட் லாஸ். இசைக்குழுவை நடத்தியது ஜானி பேட். இத்தனை பெரிய ஆட்களுக்கு நடுவில் பியானோவில் உட்கார்ந்திருப்பவர் பிரையன் ஜாக்சன், வயது 18, பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கில்லுக்குக் கிடைத்த நண்பர். இந்தத் தட்டின் பல மெட்டுகளில் அந்தப் பையனின் கை இருக்கிறது, அடுத்த எட்டு ஒன்பது வருஷத்துக்கு இருவரும் பிரியவில்லை. கில்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜாக்சன் பெயரை அடிக்குறிப்பாகக்கூடச் சொல்வதில்லை, அது எனக்கு எப்போதும் எரிச்சல்.

தயாரித்தவர் பாப் தீல். முன்பு ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் தட்டுகளைத் தயாரித்தவர். லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டை இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவரும் இவர்தான். உலகம் எவ்வளவு அழகு என்று எழுதிய மனிதர் நாலு வருஷம் கழித்து இந்தத் தட்டைக் கொண்டுவந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

சரி, டிவி பாட்டு. பேஸும் டிரம்ஸும் சேர்ந்து ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கின்றன, புல்லாங்குழல் மேலே சீண்டிக்கொண்டே இருக்கிறது, நடுவில் இவர் மூச்சு விடாமல் நக்கலடித்துக்கொண்டு போகிறார். மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரலை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, எங்கே நிறுத்துவான், எங்கே கைதட்டலுக்கு இடம் விடுவான் என்று காதுக்கே தெரியும். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பாட்டு முழுக்க 1970ஆம் வருஷத்து அமெரிக்க டிவி. அன்றைய தொடர்கள், பெட்ரோல் விளம்பரம், குளிர்பான விளம்பரம், அன்றைய அதிபர் நிக்சனும் அவர் ஆட்களும். பாதிப் பெயர்களுக்குத் தேடிப் பார்த்தால்தான் ஜோக் புரியும், தேடிப் பார்த்த பிறகு ஜோக் ஜோக்காக இருப்பதில்லை. பாட்டு முழுக்க விளம்பரங்களைத்தான் கிண்டல் செய்கிறது, அதையே தொண்ணூறுகளில் ஒரு விளையாட்டுக் காலணிக்காரர் வார்த்தையை மாற்றி விளம்பரமாக்கிவிட்டார். கோபப்படுவதா கைதட்டுவதா என்று தெரியாத விஷயம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 1971ல் இந்தத் தட்டிலிருந்து பக்கத்துக்கு ஒரு பாட்டாக சிங்கிள் என்ற சின்னத் தட்டு வெளியிட்டபோது டிவி பாட்டு பின்பக்கத்தில்தான் இருந்தது. முன்பக்கத்தில் இருந்தது 'ஹோம் இஸ் வேர் தி ஹேட்ரட் இஸ்'. அன்றைக்குத் தட்டு போட்டவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவன் தன் குரலிலேயே பேசும் பாட்டு அது, வீடு என்றால் திரும்பிப் போகக் கூடாத இடம் என்கிறான். அவனைத் திருத்தப் பார்க்கும் குரல், பரிதாபப்படும் குரல் எதுவும் பாட்டில் கிடையாது, அவன் மட்டும்தான். அடுத்த வருஷமே எஸ்தர் ஃபிலிப்ஸ் இதைப் பாடினார், ஹெராயினோடு பல வருஷம் மல்லுக்கட்டிய பாடகி, அவர் பாடும்போது நடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் கிராமி விருதுக்குப் போட்டியிட்டுத் தோற்றது, ஜெயித்த அரீத்தா ஃபிராங்ளின் தன் கோப்பையைக் கொண்டுபோய் எஸ்தர் கையில் கொடுத்துவிட்டார். கில் எழுதிய பாட்டு எப்பேர்ப்பட்டது என்பதற்கு எனக்கு அந்த ஒரு சம்பவம் போதும்.

முதல் பக்கத்தில் மற்றவை: 'லேடி டே அண்ட் ஜான் கோல்ட்ரேன்' துள்ளிக்கொண்டு போகும், மனசு சரியில்லாத நாளில் பாடகி பில்லி ஹாலிடேயும் ('லேடி டே' அவர்தான்) கோல்ட்ரேனும் கேளுங்கள் என்று வைத்தியர் மாதிரி எழுதிக் கொடுக்கிறார், கோல்ட்ரேனின் பழைய தயாரிப்பாளர் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது. 'ஐ திங்க் ஐல் கால் இட் மார்னிங்' இந்தத் தட்டிலேயே வெயில் அடிக்கும் பாட்டு. 'சேவ் தி சில்ட்ரன்' எனக்குக் கொஞ்சம் பாகு அதிகம். 'வென் யூ ஆர் ஹூ யூ ஆர்' காதல் பாட்டு, கேட்டுவிட்டு மறந்துவிடலாம்.

இப்போது தட்டைத் திருப்புங்கள்.

தலைப்புப் பாட்டு இங்கேதான் இருக்கிறது. டிரம்ஸ் இல்லை. பியானோ, பேஸ், குரல், அவ்வளவுதான், ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிறுவன் பார்த்ததைச் சொல்கிறான். அப்பா வாசலில் தபால்காரரிடம் கடிதம் வாங்குகிறார். மனசில் போட்டுக்கொள்ளாதே, இன்றைக்கு இன்னும் ஒன்பது பேரை வேலையை விட்டு எடுத்திருக்கிறார்கள் என்று தபால்காரரே ஆறுதல் சொல்கிறார். அதற்கு மேல் அப்பாவுக்கு என்ன ஆனது என்று பாட்டு நேராகச் சொல்வதில்லை, அறையெல்லாம் சிதறிக் கிடப்பதைப் பாட்டி பழைய துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருக்கிறாள், தான் பெருக்குவது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு போலீஸ் வருகிறது. அவ்வளவு நல்ல மனிதர், அவ்வளவு பலசாலி என்று பையன் திரும்பத் திரும்பச் சொல்கிறான், பிடித்துக்கொண்டு போக வந்தவர்களுக்கு அது தெரியாது என்கிறான். முழக்கம் கிடையாது, முதலாளியைத் திட்டுவது கிடையாது, அரசாங்கத்தின் பெயர்கூட வராது. ஆனால் வேலை போவது என்றால் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொன்ன பாட்டு எனக்குத் தெரியாது. இதற்கு அமெரிக்கா தெரிய வேண்டாம், நிக்சன் தெரிய வேண்டாம், ஆங்கிலம்கூடக் கொஞ்சம் போதும். ஆட்குறைப்புக் கடிதம் வந்த எந்த வீட்டிலும் இந்தப் பாட்டு புரியும், இப்போது கடிதம் மின்னஞ்சலில் வருகிறது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

இது கில்லின் அப்பாவைப் பற்றிய பாட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்பா கில் ஹெரன் ஜமைக்காவில் பிறந்த கால்பந்து வீரர், 1951ல் கிளாஸ்கோ போய் செல்டிக் அணிக்கு ஆடியவர், அந்த அணியில் ஆடிய முதல் கறுப்பர். மகன் சிறு குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், கூடவே இருந்து உடைந்துபோன அப்பா என்று ஒருவர் கில்லுக்கு இருந்ததே இல்லை. பாட்டி இருந்தார். டென்னஸியில் ஜாக்சன் என்ற ஊரில் அம்மாவைப் பெற்ற பாட்டி லில்லி ஸ்காட்தான் வளர்த்தார், பக்கத்தில் இறுதிச் சடங்கு நடத்தும் கடைக்காரர்களிடமிருந்து ஒரு பழைய பியானோவை வாங்கி வந்து பேரனுக்குக் கொடுத்தார். அவர் இறந்த பிறகுதான் பன்னிரண்டு வயதுப் பையன் நியூயார்க்கில் அம்மாவிடம் போனான். அந்தப் பாட்டில் துடைப்பத்தோடு நிற்கும் பாட்டி இங்கிருந்துதான் வந்தார் என்று நான் நினைக்கிறேன். 2010ல் கில்லின் கடைசித் தட்டு தொடங்குவதும் முடிவதும் தன்னை வளர்த்த பெண்களைப் பற்றிய ஒரே கவிதையின் இரண்டு பகுதிகளோடுதான், இதே லில்லி ஸ்காட்டின் பெயரும் அதில் வருகிறது. தகப்பன் இல்லாத வீடு உடைந்த வீடு என்று சொல்கிறவர்களுக்கு அதில் பதில் சொல்லியிருக்கிறார், என்னை வழிநடத்தியவர்கள் பெண்கள், அவர்களால்தான் நான் மனிதன் என்று.

இரண்டாவது பக்கத்தில் 'ஆர் டவுன் யூ ஃபால்' கொஞ்சம் ஆட்டம் போடவைக்கும், 'எ சைன் ஆஃப் தி ஏஜஸ்' மெதுவானது, 'தி நீடில்ஸ் ஐ' நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் 'தி பிரிசனர்', ஒன்பதரை நிமிடம். இது எல்லாருக்கும் பிடிக்காது. ஆரம்பமே ஒரு மாதிரி இழுத்துக்கொண்டே போகும், பாட்டு எப்போது தொடங்கியது என்றே தெரியாது. பிறகு பெட்டிக்குள் அடைபட்ட ஒருவன் யாராவது உதவுங்கள் என்று கேட்கிறான், சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ராத்திரி தனியாக இருக்கும்போது போடாதீர்கள்.

இந்தப் பாட்டையும் போதைப் பாட்டையும் வைத்து ஒரு கதை சுற்றுகிறது, கில் தன் விதியைத் தானே முன்கூட்டி எழுதிவிட்டார் என்று. பிற்காலத்தில் அவர் கொக்கெய்னுக்கு அடிமையானதும், 2001லும் மறுபடி 2006லும் தண்டனை பெற்றதும், ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் இருந்ததும் உண்மை. தீர்க்கதரிசி என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. 1971ல் நியூயார்க்கின் கறுப்பர் குடியிருப்புகளில் ஹெராயின் எதிர்காலம் இல்லை, எதிர்வீடு. இந்தத் தட்டைப் பதிவு செய்து இரண்டு மாதத்தில், ஜூன் மாதம், போதைப் பழக்கத்தை நாட்டின் முதல் எதிரி என்று நிக்சன் அறிவித்தார். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் கைதும் சிறையும் பெருகின. அந்த எதிரி யார் வீட்டுப் பிள்ளை என்று நிக்சனுக்கு முன்பே ஒருவன் உள்ளே நின்று பாடியிருக்கிறான். அதைப் போய் ஜோசியமாக்கினால் பாட்டின் மரியாதை போய்விடுகிறது.

'ராப்பின் தந்தை' பட்டத்தை அவரும் பெரிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. தன்னை ப்ளூஸாலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார், அதாவது ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பர் இசையின் ஆராய்ச்சிக்காரன். 1994ல் வந்த தட்டில் ராப் பாடகர்களுக்கே ஒரு பாட்டில் புத்தி சொன்னார், தாளத்தில் வார்த்தையை வைத்தால் மட்டும் கவிதை ஆகிவிடாது என்கிற தோரணையில். பெரியவர் தொனி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அந்தப் பிள்ளைகளோ அவரை விடவில்லை. 2010ல் கான்யே வெஸ்ட் தன் பெரிய ஆல்பத்தை முடித்தது கில்லின் முதல் தட்டில் இருந்த கவிதை வாசிப்பை வைத்துத்தான், 2007ல் காமன் என்ற ராப் பாடகர் எடுத்துக்கொண்டது 'வி ஆல்மோஸ்ட் லாஸ்ட் டெட்ராய்ட்' பாட்டை. 2011 மே மாதம் கில் இறந்தார். 2012ல் கிராமி வாழ்நாள் சாதனை விருது, 2021ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம். எல்லாம் ஆள் போன பிறகு, வழக்கம்போல.

நான் வாங்கிய பிரதியைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டு மறுபதிப்பு, வரியெல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அனுப்பியவர் மெல்லிய அட்டைப் பெட்டியில் திணித்து அனுப்பியிருந்தார், உறையின் ஒரு மூலை மடங்கித்தான் வந்தது, புகார் எழுதினேன், தட்டு ஓடுகிறதா என்று கேட்டார்கள், ஓடுகிறது என்றேன், அத்தோடு சரி. எல்.பி. வாங்கிப் பழக்கம் இல்லாதவர்கள் பணம் கட்டும் முன் எப்படிப் பொதி கட்டுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாட்டு வரிகள் அச்சிட்ட தாள் உள்ளே இல்லை, வார்த்தைக்காகவே வாங்கும் ஒரு தட்டில் இது பெரிய குறை. ஓசை மட்டும் பிரமாதம். ரான் கார்ட்டரின் பேஸ் ஃபோனில் கேட்கும்போது ஒரு முனகல்தான், இதில் விரல் நரம்பை விட்டு எழும்புவது வரை காதில் விழுகிறது. தலைப்புப் பாட்டில் அந்த பேஸ் பாடகனுக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிறது, அவன் தடுமாறும் இடத்தில் அதுவும் நிற்கிறது. டர்ன்டேபிள் இல்லாதவர்கள் ஸ்ட்ரீமிங்கில் கேட்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது, நல்ல ஹெட்ஃபோன் மட்டும் வேண்டும். பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தானை அணைத்துவிட்டு ஏழாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

பிடித்துப்போனால் அடுத்து 'விண்டர் இன் அமெரிக்கா', 1974. அதில் 'தி பாட்டில்' இருக்கிறது, காலையிலேயே சாராயக் கடை வாசலில் காலி பாட்டிலோடு வரிசை கட்டி நிற்பவர்களைப் பார்த்து எழுதியது, வேடிக்கை என்னவென்றால் அதற்கு நடன அரங்குகளில் ஆடித் தீர்த்தார்கள், பிரையன் ஜாக்சனின் புல்லாங்குழல் அப்படி. அப்புறம் 1977ல் வந்த 'பிரிட்ஜஸ்', டெட்ராய்ட் பாட்டு அதில்தான். 1966ல் அந்த நகரத்துக்குப் பக்கத்தில் ஃபெர்மி அணு உலையின் எரிபொருள் ஒரு பகுதி உருகிப்போன விபத்தைப் பற்றியது. ஊரே தூங்கும்போது அந்த உலை நெடுஞ்சாலை ஓரம் நின்றுகொண்டிருக்கும் காட்சியோடு பாட்டு வரும், கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும், அமெரிக்காவையே உலுக்கிய த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்ததே அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான். 1979ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அணு உலைக்கு எதிராகப் பெரிய பெரிய பாடகர்கள் சேர்ந்து கச்சேரி நடத்தியபோது இவரும் மேடையில் இருந்தார்.

படிக்க விரும்பினால் அவர் இறந்த பிறகு 2012ல் வந்த நினைவுக் குறிப்பு 'தி லாஸ்ட் ஹாலிடே'. பாடகர் ஸ்டீவி வொண்டரின் 1980-81 சுற்றுப்பயணத்தில் பாப் மார்லி பாட வேண்டிய இடத்தில், மார்லி நோயில் விழுந்ததால், கில் பாடினார். மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாளை விடுமுறை ஆக்க வேண்டும் என்பதற்காக நடந்த பயணம் அது. 1983ல் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அன்றைய அதிபர் ரீகன், இரண்டு வருஷம் முன்புதான் கில் ரீகனை ஒரு நீளமான பாட்டில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். புத்தகம் தாவித் தாவிப் போகும், போதை வருஷங்களைப் பற்றி வாயே திறக்க மாட்டார், ஆனால் டென்னஸிப் பக்கங்களுக்காகவே வாங்கலாம்.

கடைசித் தட்டு 'ஐம் நியூ ஹியர்' மொத்தமே 28 நிமிடம். ரைக்கர்ஸ் தீவுக்கே போய்ப் பார்த்துப் பேசி ரிச்சர்ட் ரஸ்ஸல் தயாரித்தது. குரல் சரளைக்கல்லாக மாறியிருக்கும், மின்னணுச் சத்தம் அதிகம், பழைய இசைக்குழுவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 'பீசஸ் ஆஃப் எ மேன்' நன்றாகப் பழகிய பிறகு அதற்குப் போங்கள், முதலில் அதைக் கேட்டுவிட்டு இதற்கு வர வேண்டாம்.